குழுவில் யார் உட்காருவது?

(ஜொகூர் தோட்டக் கிளைக் கூட்டத்தில் பேசியது)



உடற்குறையுள்ளோருக்காகச் சட்ட உதவி செய்யும் ஒரு சங்கம், தன் நிர்வாகக் குழுவில் நமக்கு ஓர் இடம் தந்து அழைத்திருக்கிறது. “பால் வெட்டுகிறவனுக்கு அங்கே என்ன வேலை?” என்கிறார்கள் சிலர்.

வேலை உண்டு. இருட்டில் மரத்துக்கு மரம் ஓடுகையில் விரல் போகிறது, கண் போகிறது. மறுநாள் பெரட்டில் அவன் பேர் இல்லை. செக்ரோலில் அந்தப் பேருக்குக் குறுக்கே கோடு போட்டவர்கள் கிராணிகளாகிய நாங்கள்தாம். அந்த வெட்கம் எங்களுக்கு இன்னும் உண்டு.

வேலையில் அடிபட்டவனுக்கு 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த சொக்சோ இருக்கிறது. பிறவியிலேயே நடக்கமுடியாத பிள்ளைக்கு? 2008-இல் உடற்குறையுள்ளோர் சட்டம் வந்தது. கட்டடம், பஸ், பள்ளி, வேலை எல்லாவற்றிலும் சம உரிமை என்று எழுதினார்கள். கொடுக்காதவனுக்கு என்ன தண்டனை என்று எழுதவில்லை! அரசாங்கத்தின் மேல் வழக்குப் போடாதபடி 41-ஆம் பிரிவையும் சேர்த்துவைத்தார்கள். அபராதம் இல்லாத ஒப்பந்தத்தை எந்தத் துரை மதித்திருக்கிறான்? 2010-இல் ஐக்கிய நாட்டு உடன்படிக்கையை நம் நாடு ஏற்ற பிறகும், கேட்பதற்கு ஆள் வேண்டியிருக்கிறது.

ஆகவே போகத்தான் வேண்டும். ஆனால் கிராணி போகக்கூடாது. நம் கிளையிலே கண்ணிழந்த பால்வெட்டுத் தோழர் இருக்கிறார், அவர் உட்காரட்டும். கடிதங்களைப் படித்துக்காட்டுவதும், அவர் சொல்வதை எழுதுவதும் எங்கள் பொறுப்பு. அவருடைய பஸ் செலவையும், துணைக்குப் போகிறவரின் நாட்சம்பளத்தையும் கிளை நிதி தரவேண்டுமென்று தீர்மானம் முன்மொழிகிறோம்.

வழிமொழிபவர் யார்?