மொட்டைச்சாமியும் முட்டா விளக்கும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அருகப் பெருமான் திருவடிகளை வணங்கித் தொடங்குகிறேன். 

கொங்கு நாட்டில் நம் சமயம் விட்டுச்சென்ற சுவடுகளைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். அறிஞர் பலர் இப்பொருள் குறித்து அரிய நூல்கள் எழுதியுள்ளனர். நானோ பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள். ஆகவே ஆராய்ச்சியுரை ஆற்ற முற்படாமல், அச்சுவடுகளின் நடுவே நான் வளர்ந்த கதையையும், சிறுமியாக இருந்தபோது அங்கே நான் செய்த ஒரு பிழையையும் உங்கள் முன் வைக்கிறேன்.

எங்கள் சொந்த ஊர் வந்தவாசிப் பக்கம். என் தந்தையார் இரயில்வே ஊழியர். 1966ஆம் ஆண்டு அவர் விசயமங்கலத்துக்கு மாற்றலாகி வந்தார். எனக்கு அப்போது எட்டு வயது. 1979இல் பெரியார் மாவட்டம் பிரியும் வரை அப்பகுதி கோயம்புத்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. வந்தவாசிப் பக்கத்து ஏரிகளையும் நெல்வயல்களையும் கண்டு பழகிய எனக்கு அந்த நிலம் புதிதாக இருந்தது. செம்மண் மேடுகள், கிளுவை வேலியிட்ட காடுகள், கவலை இறைக்கும் ஆழ்கிணறுகள், வானத்தை அளப்பது போன்ற பனைகள், தெற்கே சென்னிமலை. அவற்றுக்கிடையே உயர்ந்து நின்றது மேட்டுப்புதூரில் உள்ள சந்திரப்பிரபர் திருக்கோயிலின் கோபுரம். ஊரார் அதனை 'நெட்டைக் கோபுரம்' என்றே வழங்கினர். ஆடு மேய்க்கும் சிறுவர்களுக்கு அது திசைகாட்டி. எங்களுக்கு அது எட்டாம் தீர்த்தங்கரரின் இல்லம்.

ஊரில் எங்கள் வீடு ஒன்றே சமண வீடு. பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் எங்கள் வழக்கத்தை அக்கம்பக்கத்தார் விரைவில் அறிந்துகொண்டனர். திருமண வீடுகளில் எங்களுக்கென்று மாலையிலேயே தனியாக இலை போட்டுப் பரிமாறுவார்கள். 'பொழுதோட சாப்பிடறவங்க வீடு' என்பதே எங்கள் வீட்டின் முகவரியாயிற்று.

விடுமுறை நாள்களில் தந்தையார் என்னை மிதிவண்டியில் ஏற்றிக்கொண்டு நெட்டைக் கோபுரத்துக்குச் செல்வார். அங்கே ஒரு கல்தூணைக் காட்டி, புலியப்பை என்னும் பெருமாட்டியின் வரலாற்றைச் சொல்வார். சிரவணபெளகொளாவில் கோமதீசுவரர் திருவுருவை எடுப்பித்த சாமுண்டராயரின் தங்கை அவர். சல்லேகனை நோன்பு நோற்று இவ்வூரில் உயிர் துறந்தார் என்பதைக் கல்வெட்டு உரைக்கிறது. அண்ணன் எடுப்பித்த உருவத்தை உலகமே அறியும். தங்கையின் தூணையோ ஆளரவமற்ற மண்டபத்தில் நானும் என் தந்தையாரும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதே ஊரைப் பற்றிக் கொங்கு மண்டல சதகம் மற்றொரு பெண்ணின் கதையையும் கூறுகிறது. பெருங்கதை பாடிய கொங்குவேளிரின் புலமையைச் சோதிக்கச் சங்கப் புலவர்கள் வந்தார்களாம். வேளிர் தம் வீட்டுப் பணிப்பெண்ணைக் கொண்டே அவர்கள் வினாக்களுக்கு விடை சொல்வித்தாராம். இதனைச் சொல்லும்போதெல்லாம் தந்தையார், "பணிப்பெண்ணே அவ்வளவு படித்திருந்த ஊர் இது, நீ நன்றாகப் படி" என்று முடிப்பார். பிற்காலத்தில் உ.வே.சாமிநாதையர் 1924இல் பதிப்பித்த பெருங்கதையை முதுகலை வகுப்பில் கையிலெடுத்தபோது, நூலுக்கு முன்னே அந்தப் பெயரறியாப் பெண்ணே என் நினைவில் வந்து நின்றாள்.

இனி என் பிழைக்கு வருகிறேன். எங்கள் ஊர்ப்புறத்தே, வண்டித்தடத்தின் ஓரம், ஒரு வேப்பமரத்தடியில் இடுப்பளவு உயரமுள்ள கற்சிலை ஒன்று இருந்தது. அமர்ந்த கோலம், மடிமேல் வைத்த கைகள், மூடிய விழிகள். ஐயமின்றி அது ஜினபிம்பம். ஊரார் அதற்கு வைத்திருந்த பெயர் 'மொட்டைச்சாமி'. என் வகுப்புத் தோழியின் அமுச்சி, அதாவது தாயைப் பெற்ற பாட்டி, வெள்ளிதோறும் அங்கே ஓர் அகல்விளக்கு ஏற்றுவார். பசு ஈன்றால் பால் கொண்டுவந்து வைப்பார். மொட்டைச்சாமி காட்டுக்குள் கடுந்தவம் இருந்த ஒரு பண்டாரம் என்றும், பஞ்ச காலத்தில் மழையை வரவழைத்தவர் என்றும் எங்களுக்குக் கதை சொல்வார்.

எனக்கு அப்போது பத்து வயது. தந்தையார் கற்பித்ததையெல்லாம் அறிந்துவிட்டதாக எண்ணம். ஒரு வெள்ளி மாலை, அமுச்சி திரியைத் தூண்டிக்கொண்டிருந்தபோது, "இது ஒன்றும் மொட்டைச்சாமி இல்லை. இது எங்கள் தீர்த்தங்கரர். நீங்கள் சொல்வதெல்லாம் பொய்க்கதை" என்று நான் உரக்கச் சொல்லிவிட்டேன்.

அவர் சினங்கொள்ளவில்லை. விளக்கை ஒருமுறை பார்த்தார், என்னையும் பார்த்தார். "அப்படியா கண்ணு? உங்க சாமின்னு எனக்குத் தெரியாமப் போச்சே. அப்ப அடுத்த வெள்ளிலிருந்து நீயே வெளக்கு வெச்சுப்போடு" என்று கூறி எழுந்து நடந்தார். அடுத்த வெள்ளியன்று அவர் வரவில்லை. நானும் போகவில்லை. விளையாட்டில் மறந்துபோனேன். அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே கழிந்தது.

மூன்றாம் வாரம் அவ்வழியே வந்த தந்தையார், விளக்கு இல்லாததைக் கண்டு என்னை வினவினார். நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைக் கடியவில்லை. மரத்தடிக்கு அழைத்துச் சென்றார். "நம் தீர்த்தங்கரர் என்றாயே, எந்தத் தீர்த்தங்கரர் என்று சொல்" என்றார். பீடத்தைக் குனிந்து பார்த்தேன். இலாஞ்சனை முற்றும் தேய்ந்திருந்தது. காளையா, பிறையா, சிங்கமா, ஒன்றும் தெரியவில்லை. தலைகுனிந்து நின்றேன்.

"பெயர் நமக்கும் தெரியவில்லை, அவர்களுக்கும் தெரியவில்லை. ஆனால் விளக்கு வைத்தது யார்? சரி, இந்தச் சாமிக்கு இங்கே கிடா வெட்டுவதை நீ பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டார். நான் பார்த்ததே இல்லை. அன்று மாலை அமுச்சியின் வீட்டுக்கு என்னை அழைத்துச் சென்று, "குழந்தை அறியாமல் பேசிவிட்டாள் அம்மா, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று கைகூப்பினார். என்னையும் கைகூப்பச் செய்தார். பிறகு கிடா வெட்டு பற்றி அவரிடமே கேட்டார். அமுச்சி திடுக்கிட்டு, "அய்யோ சாமி, அதுக்கு ரத்தம் ஆகாதுங்க. கெடா வெட்டறதுன்னா கருப்பராயன் கோயிலுக்குத்தானுங்க. மொட்டைச்சாமி இருக்கற தடத்துல கெடாயைப் புடிச்சிட்டுக்கூடப் போகமாட்டமுங்க. எங்க அமுச்சி காலத்துலிருந்தே அப்படித்தானுங்க" என்றார்.

வீடு திரும்பும் வழியில் தந்தையார் சொன்னது இன்றும் என் செவியில் ஒலிக்கிறது: "பெயர் மறந்துவிட்டது, இலாஞ்சனை தேய்ந்துவிட்டது, கோயில் போய்விட்டது. ஆனால் கொல்லாமை மறக்கவில்லை. நம் தீர்த்தங்கரர் விரும்பியதில் எது பெரிது? தம் பெயரா, தம் அறமா?" அநேகாந்தம் என்னும் சொல்லை நான் நூலில் படித்தது பின்னாளில்தான். அதன் பொருளை அந்த வண்டித்தடத்தில் கற்றேன். அடுத்த வெள்ளி முதல் அமுச்சி திரி போட, நான் எண்ணெய் ஊற்றினேன். 1970இல் தந்தையாருக்கு மறுபடியும் மாற்றல் வரும் வரை அது தொடர்ந்தது.

அப்பாடத்துக்குப் பிறகு, கொங்கு நாட்டில் நான் சென்ற இடமெங்கும் ஊர்க்கதையை முதலில் கேட்கும் பழக்கம் வந்தது. அறச்சலூர் நாகமலையில் ஒரு குகைத்தளம் உள்ளது. 1960ஆம் ஆண்டையொட்டிப் புலவர் செ. இராசு அங்கே தமிழ்பிராமிக் கல்வெட்டுகளைக் கண்டறிந்தார். தாள எழுத்துகளைக் கட்டம் கட்டியதுபோல் அடுக்கி, அவற்றைப் புணர்த்தவன் தேவன் சாத்தன் என்னும் வண்ணக்கன் என்று பொறித்துள்ளனர். ஏறத்தாழ 1700 ஆண்டுப் பழைமை உடையவை. அறிஞர்கள் வருவதற்கு முன்னரே ஊர்மக்கள் அவ்விடத்துக்கு வைத்திருந்த பெயர் ஆண்டிப்பாறை. ஆண்டி என்றால் துறவி அல்லவா? கல்லில் படுத்த முனிவர்களை எழுத்தறியா மக்களும் மறக்கவில்லை.

சீனாபுரத்தின் கதையும் இத்தகையதே. அங்கே ஆதிநாதர் கோயில் உள்ளது. நன்னூல் தந்த பவணந்தி முனிவரைக் கொங்கு மண்ணின் மைந்தராகக் கொங்கு மண்டல சதகம் போற்றுகிறது. ஊரார் அவரைத் தங்கள் ஊர்க்காரர் என்றே உரிமையுடன் சொல்வர். புணர்ச்சி விதிகளைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் என் மாணவர்களிடம், "இவ்விதிகளை எழுதியவர் நம் பக்கத்து ஊர்க்காரர்" என்பேன். சோர்ந்திருந்த பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவார்கள். அவர்களுள் ஒருவர்கூடச் சமணர் அல்லர். அந்தப் பெருமிதத்துக்கு அது தடையாகவும் இல்லை.

பழனிக்கு அருகே ஐவர்மலை இருக்கிறது. பாண்டவர் ஐவரும் வனவாசத்தில் தங்கிய மலை என்பது ஊர்க்கதை. பாறையின் முகப்பிலோ தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாக விளங்குகின்றன. வரகுண பாண்டியன் காலத்துக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870. குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் பார்சுவநாதர் திருவுருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுக்கி, முட்டா அவிக்கும், அடிகள் ஒருவரின் உணவுக்கும் 505 காணம் பொன் வைத்தார் என்கிறது அது. முட்டா அவி என்றால் இடையறாத படையல். அச்சொல்லைப் படித்தபோது என் கண்கள் கலங்கின. வேப்பமரத்தடி அகல்விளக்கு என் நினைவுக்கு வந்தது. சாந்திவீரர் பொன் வைத்துச் செய்த ஏற்பாட்டைப் பொன்னில்லாமலே ஓர் அமுச்சி செய்துகொண்டிருந்தார். அந்த முட்டா விளக்கை இரண்டு வாரம் முட்டச் செய்தவள் நான்.

பணி ஓய்வுக்குப் பின் அவ்வூருக்குச் சென்றேன். வேப்பமரம் இல்லை. வண்டித்தடம் தார்ச்சாலையாகியிருந்தது. சிலை மட்டும் ஒரு சிறு மேடையில் இருந்தது. அதன் முன் அகல்விளக்கு. ஏற்றுபவர் என் பழைய தோழி. தன் பேத்திக்குத் திரி திரிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். தீர்த்தங்கரர் என்னும் பெயரை அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துச் சிரித்தார். "வாயில வரமாட்டேங்குது அம்மணி. மொட்டைச்சாமின்னே இருக்கட்டும். அவருக்குத் தெரியாதா?" என்றார். இம்முறை நான் திருத்தவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தேன்.

பெரியோர்களே, விடுமுறையில் உங்கள் பிள்ளைகளை விசயமங்கலத்துக்கும், சீனாபுரத்துக்கும், ஐவர்மலைக்கும் அழைத்துச் செல்லுங்கள். தீர்த்தங்கரர் பெயர்களையும் கல்வெட்டுச் செய்திகளையும் தவறாமல் சொல்லிக்கொடுங்கள். அது நம் கடமை. ஆனால் அதற்கு முன், அங்கே ஆடு மேய்ப்பவரிடமும் விளக்கு வைப்பவரிடமும் அவர்கள் கதையைக் கேட்கச் சொல்லுங்கள். நாம் அங்கில்லாத நூற்றாண்டுகளில் நம் தெய்வங்களுக்குத் துணையிருந்தவர்கள் அவர்கள். கேட்டபின் கைகூப்பி நன்றி சொல்லவும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள்.

கொல்லா அறம் வளர்க.