கரிசல் மண்ணில் புதிய வீடு

மழையில் உப்பிக் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசல் மண்ணின் சுபாவத்தை நன்கறிந்த சாத்தூர்வாசிகள், புதிதாகக் கட்டப்படும் வீட்டை வாங்கும்போது, பளிங்குத் தளம், அலங்கார விளக்கு முதலிய ஆடம்பரங்களுக்கு அதிகப் பணம் தருவதைக் காட்டிலும், பின்னாளில் மாற்றுதற்கரிய அஸ்திவாரத்தின் ஆழம், சுவருக்குள் மறையும் மின்கம்பி, தண்ணீர்க் குழாய் ஆகியவற்றின் தரத்துக்குச் செலவிடுவதே விவேகம். அப்படியும் விரிசலோ நீர்க்கசிவோ தோன்றுமாயின், 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, அச்சட்டப்படி பதிவான திட்டங்களில், வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டுமானக் குறைகளை, 30 நாட்களுக்குள், கட்டணமின்றிச் சரிசெய்யும் கடமையைக் கட்டித் தந்தவர் மீது சுமத்துகிறது. ஆகவே, கூடுதல் வசதி ஒவ்வொன்றையும் விலையோடு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். குறை கண்டால், வாய்ச்சொல்லோடு நிற்காமல், தேதியிட்ட கடிதத்தில் புகைப்படத்துடன் தெரிவியுங்கள்.