எட்டுக்கால் பூச்சி நமக்கு எதிரியா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



சுவரோரம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி ஓடினால் உடனே விளக்குமாற்றைத் தேடுகிறோம். அது வலை பின்னாது. ராத்திரியில் கரப்பான் பூச்சியைத் துரத்திப் பிடிக்கும். வயிற்றடியில் வெள்ளை வட்டு போல வைத்திருப்பது விஷப்பை இல்லை, முட்டைப்பை. கடித்தால் வலிக்கும், உயிருக்கு ஆபத்தில்லை. ஜன்னலில் குதிக்கிற சின்னச் சிலந்தி ஈ, கொசுவைத் தின்னும்.

"சிலந்தி மூத்திரம் பட்டால் அக்கி வரும்" என்கிறோம். அது உண்மை இல்லைங்க. முன்னே வந்த சின்னம்மைக் கிருமி உடம்பிலேயே தங்கி, பின்னாளில் எழும்புவதுதான் அக்கி. ஒரு பக்கமாக எரிச்சலோடு கொப்புளம் வந்தால், காவி எழுதிக் காத்திருக்காமல் 3 நாளுக்குள் டாக்டரிடம் போகணும். கண் பக்கம் வந்தால் அன்றைக்கே போகணும், பார்வைக்கே ஆபத்து.

நெல் வயலிலும் சிலந்தி புகையானைத் தின்கிறது. கண்டபடி மருந்து அடித்தால் சிலந்தி செத்து, புகையான் பெருகும்.

அப்போ வீட்டில் என்ன செய்யலாம்?

* பழைய ஒட்டடையைத் தட்டுவோம்.
* சிலந்தியை டம்ளரால் மூடி, அடியில் அட்டையைச் செருகி வெளியே விடுவோம். வெறுங்கையால் பிடிக்க வேண்டாம்.
* தொட்டில் இருக்கிற அறையில் பூச்சிமருந்து அடிக்க வேண்டாம்.
* கடித்த இடத்தை சோப்புப் போட்டுக் கழுவுவோம். வீக்கம் ஏறினாலோ, கடித்தது எதுவென்று தெரியாவிட்டாலோ ஆரம்ப சுகாதார நிலையம் போவோம்.

இந்த வாரக் குழுக் கூட்டத்தில் அக்கி விஷயத்தை எல்லாரிடமும் சொல்லுங்கள்.