மெய்ந்நிலை காணும் மென்பொருள்

(தமிழாசிரியரும் மாணவரும் கூடிய அவையில் நிகழ்ந்த உரையின் எழுத்துரு)



ஓர் ஒளிப்படத்தைக் கண்ட அளவிலேயே, இவன் நிற்கின்றான், இவள் குனிகின்றாள், இக்குழந்தை ஓடுகின்றது எனக் கண் சொல்லிவிடுகின்றது. கணிப்பொறிக்கோ அப்படம் வெறும் எண்ணடுக்கு. ஒவ்வொரு புள்ளியிலும் செம்மை இவ்வளவு, பசுமை இவ்வளவு, நீலம் இவ்வளவு என்பதன்றி அஃது ஒன்றும் அறியாது. அவ்வெண் காட்டினுள் தோள் எது, முழங்கால் எது எனத் தேடிச் சொல்லும் மென்பொருளைப் பற்றியதே இவ்வுரை.

முதற்கண் பெயர். உடல்நிலை எனலாமோ எனின், அச்சொல் நலத்தையும் நோயையும் குறித்து வழங்கிவிட்டது. மெய்ப்பாடு எனலாமோ எனின், அது தொல்காப்பியர் எட்டென வகுத்த உள்ளத்து உணர்வின் புறக்குறி. அதனை இங்கு இழுத்தல் தகாது. மெய் என்பது உடம்பு. அது நிற்கும், வளையும், கிடக்கும் நிலை மெய்ந்நிலை. எனவே இதனை மெய்ந்நிலை காணும் மென்பொருள் என்க.

இதன் வேர்க்கருத்து பழையது. சுவீடன் நாட்டு உப்சாலாப் பல்கலைக்கழக உளவியலறிஞர் குன்னர் யோகான்சன், மாந்தர் உடலின் மூட்டுகளில் ஒளிப்புள்ளிகளை அமைத்து இருளில் நடக்கச் செய்து படம் பிடித்தார். அசையாதபோது அவை வெறும் புள்ளிகள். அசைந்தவுடனே, நடப்பவர் ஒரு மாந்தர் எனக் கண்டோர் உணர்ந்தனர். இவ்வாய்வு 1973இல் வெளிவந்தது. உடலின் அசைவை அறிய ஊனும் உடையும் வேண்டா. மூட்டுகளின் இடம் தெரிந்தாற் போதும் என்பது அதனாற் புலனாயிற்று. அம்மூட்டுகளை விளக்கின்றியே படத்திற் கண்டுபிடிப்பதே இன்றைய மென்பொருளின் பணி.

அதற்கு இருவழி உண்டு. படத்திலுள்ள எல்லா மூட்டுகளையும் முதலிற் கண்டு, பின்னர் எந்த முழங்கை எந்தத் தோளுக்கு உரியது எனக் கோப்பது ஒன்று. அமெரிக்க நாட்டுக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்ட ஓப்பன்போசு இவ்வழியது. கூட்டத்திலும் பலரைக் காண வல்லது. ஆயினும் அதனை விரைந்து இயக்க ஆற்றல் மிக்க வரைகலைச் செயலி வேண்டும். அதன் பொது உரிமமோ வணிகமல்லாத ஆராய்ச்சிக்கே இசைவளிக்கின்றது. முதலில் ஆளைக் கண்டு, பின்னர் அவர் மூட்டுகளைக் காண்பது மற்றொன்று. கூகுள் நிறுவனத்தார் 2020இல் வெளியிட்ட பிளேசுபோசு இவ்வழியது. மீடியாபைப் என்னும் தொகுப்பில் அமைந்து, எளிய கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் இயங்குகின்றது. அதன் அப்பாச்சி உரிமம் வணிகப் பயனுக்கும் இடந்தருகின்றது. தொடங்குவார்க்கு இதுவே ஏற்றது.

நிறுவும் முறை கடினமன்று, ஒழுங்கு வேண்டும். முதலில் பைத்தான் மொழியின் 64 துணுக்குப் பதிப்பை நிறுவுக. புதிதினும் புதிது நன்று என எண்ணி இன்று வெளிவந்த பதிப்பை எடுத்தல் கூடாது. அதற்கு இசைந்த மீடியாபைப் தொகுப்பு உடனே வாராதிருக்கலாம்; வாராதபோது, பொருந்தும் தொகுப்பு இல்லை என்னும் பிழைச்செய்தியே வரும். ஆதலின் தொகுப்பின் பக்கத்தில் ஏற்கப்படும் பதிப்புகளைப் பார்த்து, அவற்றுள் ஒன்றைக் கொள்க.

அடுத்து, இப்பணிக்கெனத் தனியொரு பைத்தான் சூழலை அமைக்க. ஒரு பணிக்கு நிறுவியது மற்றொரு பணியைக் கெடுக்காமல் அது காக்கும். அதனுள் பிப் என்னும் நிறுவுகருவியைக் கொண்டு மீடியாபைப், ஓப்பன்சிவி ஆகிய இரண்டனையும் நிறுவுக. பின்னர் மெய்ந்நிலை மாதிரிக் கோப்பைப் பதிவிறக்குக. இலேசானது, முழுமையானது, கனத்தது என அது மூவகைப்படும். முதலாவது விரைவு மிக்கது. மூன்றாவது துல்லியம் மிக்கது. பழைய கணிப்பொறி உடையார் முதலாவதிலேயே தொடங்குக.

இயக்கும்போது மறவாதிருக்க வேண்டியது ஒன்று. ஓப்பன்சிவி படத்தை நீலம், பச்சை, சிவப்பு என்னும் முறையிற் படிக்கின்றது. மீடியாபைப்போ சிவப்பு, பச்சை, நீலம் என எதிர்பார்க்கின்றது. முறையை மாற்றித் தராவிடின் பிழைச்செய்தி எதுவும் வாராது, முடிவுதான் கெடும்.

முடிவாக வருவன 33 புள்ளிகள். 0 முதல் 10 வரை முகத்தன. 11 முதல் 22 வரை தோளும் கையும். 23 முதல் 32 வரை இடுப்பும் காலும். தோள் முதலாக ஒற்றை எண் இடப்பக்கம், இரட்டை எண் வலப்பக்கம். வலது இடுப்பு 24, வலது முழங்கால் 26, வலது கணுக்கால் 28. இம்மூன்று புள்ளிகளையும் இணைத்தால் முழங்கால் மடங்கும் கோணம் கிடைக்கும். நேரே நிற்கையில் அது 180 பாகையை ஒட்டியிருக்கும். உட்கார உட்காரக் குறையும். உட்கார்ந்தெழும் பயிற்சியில் எத்தனை முறை முழுமையாக அமர்ந்தார் என எண்ணுவது இவ்வாறே.

இங்கு ஒரு பொறி உண்டு. புள்ளிகளின் இடம் 0 முதல் 1 வரையான பின்னமாகத் தரப்படுகின்றது. குறுக்களவு படத்தின் அகலத்தாலும், நெட்டளவு உயரத்தாலும் வகுக்கப்பட்டவை. 1280க்கு 720 என்னும் அளவுடைய படத்தில், குறுக்கே 0.1, கீழே 0.1 சென்ற கோடு 45 பாகை சாய்ந்ததாகத் தோன்றும். உண்மையில் அது குறுக்கே 128 புள்ளியும் கீழே 72 புள்ளியும் சென்றது. சாய்வு ஏறத்தாழ 29 பாகையே. ஆகவே அகலத்தாலும் உயரத்தாலும் பெருக்கிய பின்னரே கோணம் காண்க.

இனித் தமிழர்க்கே உரிய இடர் ஒன்று. ஓப்பன்சிவியின் 4ஆம் பதிப்பு வரிசையில், படத்தின்மேல் எழுதும் கட்டளைக்கு 'முழங்கால்' எனக் கொடுத்தால் வினாக்குறிகளே தோன்றும். அதன் எழுத்துருவில் தமிழ் இல்லை. இதனைக் கண்ட இளைஞர் பலர், தமிழ் கணிப்பொறிக்கு ஆகாது என ஆங்கிலத்திற்குத் திரும்பிவிடுகின்றனர். குறை தமிழினது அன்று, அக்கட்டளையினது. பில்லோ என்னும் படநூலகத்தைக் கொண்டு, தமிழ் எழுத்துரு ஒன்றைக் காட்டி எழுதினால் தமிழ் வரும். அதிலும் ராக்ம் என்னும் எழுத்தமைப்புத் துணை இயங்குகின்றதா எனப் பார்க்க. இல்லாவிடின் எழுத்துக்கு முன் நிற்கவேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னே போய் நிற்கும். மென்பொருள் தருவது 26 என்னும் எண்ணே. அதற்குப் பெயரிடுவது நிரல் எழுதுவோர் கையில் உள்ளது. தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால், குதிகால் என ஒவ்வொன்றற்கும் தமிழிற் பெயருண்டு. ஒன்றையேனும் கடன் வாங்க வேண்டுவதில்லை.

கருவியின் எல்லையையும் அறிதல் வேண்டும். தளர்ந்த வேட்டியும் புடைவையும் முழங்காலை மறைக்கும்போது, மென்பொருள் தெரியவில்லை என வாளாவிராது. ஓர் இடத்தை உய்த்துச் சொல்லும். அப்புள்ளி மறைவின்றித் தெரிவது எவ்வளவு உறுதி என்பதற்குத் தோற்ற மதிப்பு என ஓர் எண்ணையும் உடன் தருகின்றது. அது குறைந்த புள்ளிகளைக் கணக்கிற் கொள்ளற்க. மூட்டு நோயை முடிவு செய்வது மருத்துவர் கடமை. கோணம் காட்டும் நிரலின் கடமையன்று.

யாவற்றினும் இன்றியமையாதது வேறு. இம்மென்பொருள் முதியவர் ஒருவரின் நடையைத் திருத்தத் துணை நிற்கும். அதே மென்பொருள், தொழிலாளி எத்தனை முறை நிமிர்ந்து ஓய்ந்தான் எனக் கணக்கெடுக்கவும் நிற்கும். கருவிக்கு அறம் தெரியாது. கையாள்வோர்க்குத் தெரிதல் வேண்டும். மாதிரிக் கோப்பைப் பதிவிறக்கியபின் இஃது இணையமின்றியே சொந்தக் கணிப்பொறியில் இயங்கும். ஆகவே பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சிப் படங்களை அயலார் பொறிக்கு அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. படம் பிடிக்குமுன் இசைவு கேட்க; பெற்ற எண்களை மட்டும் வைத்துக்கொண்டு படத்தை அழிக்க.

தோழர்களே! பிறர் செய்த கருவியைப் பொத்தானழுத்திப் பார்த்து வியப்பதோடு நின்றால் என்றும் நுகர்வோராகவே இருக்க நேரும். அது எதனைக் காண்கின்றது, எங்கே தவறுகின்றது, யாருக்குப் பயன்படுகின்றது என்று தாய்மொழியிற் கேட்கவும் விடை காணவும் வல்லவரே அதனை ஆள்வார். இவ்வாரமே ஒருவர் தம் கணிப்பொறியில் இதனை நிறுவுக. 33 புள்ளிகளுக்கும் தமிழிற் பெயரிடுக. பெயரிட்டதை அடுத்தவர்க்குக் கற்பிக்க.