உழுந்தும் ஊமையாகும் மரபணுவும்

(திருவொற்றியூரில் ஆற்றப்பெற்ற உரை)



இராயபுரத்தை அடுத்த சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கும் பண்டங்களுள் உழுந்தும் ஒன்று. மியன்மா நாட்டிலிருந்து அது கப்பலேறி வருகிறது. இட்டலிக்கும் வடைக்கும் உயிரான பயறு, தமிழ் மண்ணில் செழித்து விளையக்கூடிய பயறு, கடல் கடந்து வருவானேன்? கரணியங்கள் பல. அவற்றுள் ஒன்று மஞ்சள் தேமல் நோய். வெள்ளை ஈ சுமந்து திரியும் நச்சுயிரி ஒன்று செடியுள் புகுந்தால், இலையில் மஞ்சள் படரும்; காய் சிறுக்கும்; விளைச்சல் வீழும். இந்நோயை எதிர்த்து மதுரையில் நிகழ்ந்த ஆய்வும், அதற்கு அடிப்படையான செடியின் இயல்பும் இவ்வுரையின் பொருளாகும்.

ஊர்தித் தொழிற்சாலை ஒன்றை எண்ணிப் பாருங்கள். மூல வரைபடம் அலுவலகப் பெட்டகத்தில் இருக்கும். பட்டறைக்குச் செல்வது அதன் படி. உயிரணுவிலும் அவ்வாறே. டி.என்.ஏ.யில் அமைந்த மரபணு மூல வரைபடம். அதிலிருந்து எடுக்கப்பெறும் படி ஆர்.என்.ஏ.; அதனைப் படியிழை என்போம். படியிழையைப் பார்த்தே உயிரணு புரதத்தை ஆக்குகிறது. படி வழியிலேயே கிழிக்கப்பட்டால் வரைபடம் பழுதின்றி இருக்கும். பொருள் மட்டும் உருவாகாது. மரபணு ஊமையாதல் என்பது இதுவே.

இதனை வெளிப்படுத்தியது ஒரு பூச்செடி. அமெரிக்காவில் இரிச்சர்டு சோர்கன்சன் குழுவினர் பெட்டூனியாவின் ஊதா நிறத்தை மிகுவிக்க எண்ணி, நிறந்தரும் மரபணுவை மேலும் ஒருமுறை செலுத்தினர். 1990ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட முடிவு உலகை வியக்க வைத்தது. அம்மரபணுவை ஏற்ற செடிகளுள் 100க்கு 42 செடிகள் முழு வெள்ளையாகவோ வெள்ளை விரவியோ பூத்தன! புகுத்திய மரபணு மட்டுமன்று, செடியின் சொந்த மரபணுவும் உடன் ஊமையாயிற்று. அதே ஆண்டில் ஆலந்து நாட்டு ஆய்வாளரும் இதனையே கண்டனர்.

விடை சிறுகச் சிறுகக் கிடைத்தது. படியிழை இரட்டையாக இணைந்திருந்தால் அதுவே ஊமையாக்கத்தைத் தூண்டும் என்பதை 1998இல் ஆண்ட்ரூ பயர், கிரேக்கு மெல்லோ இருவரும் ஒரு நுண்புழுவில் நிறுவினர். 2006இல் நோபல் பரிசு பெற்றனர். ஊமையான செடிகளுள் மிகக் குறுகிய படியிழைத் துண்டுகள் இருப்பதை 1999இல் இங்கிலாந்தின் ஆமில்டனும் பால்கோம்பும் கண்டனர்.

நிகழ்வது இதுதான். நச்சுயிரிகள் பெருகும்போது பெரும்பாலும் இரட்டைப் படியிழை தோன்றும். செடி அதனைப் பகையின் அடையாளமாகக் கொள்கிறது. வெட்டு நொதி அதனை 21 முதல் 24 எழுத்து நீளமுள்ள துண்டுகளாக நறுக்குகிறது. ஒவ்வொரு துண்டையும் ஒரு புரதம் ஏந்திக்கொண்டு, அதனோடு பொருந்தும் படிகளைத் தேடி அழிக்கிறது. சிலபோது மூல மரபணுவின் மேலேயே வேதிக்குறி இட்டு அதனைப் பூட்டியும் விடுகிறது. ஆக, பெட்டூனியா பிழை செய்யவில்லை; தன்னைக் காத்துக்கொண்டது.

அயல் மரபணு ஏற்ற செடிகள் ஒன்றுபோல் நடவாமைக்கும் ஏது இதுவே. அம்மரபணு எவ்விடத்தில் அமரும் என்பது பெரும்பாலும் ஆய்வாளர் கையில் இல்லை. ஒரு செடியில் ஒன்றாகவும், மற்றொன்றில் பல படிகளாகத் தலைகீழாகவும் அமரும். தலைகீழாய் அமைந்தவை இரட்டைப் படியிழையைத் தோற்றுவித்து ஊமையாகும். முதல் தலைமுறையில் பேசியது அடுத்த தலைமுறையில் வாய்மூடுவதும் உண்டு.

இனி மதுரை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் வேலுதம்பி, சிவப்பிரசாத்து ஆகியோரும், சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர் பூகின், ஓன் ஆகியோரும் இணைந்து, 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தேமல் நச்சுயிரியின் மரபணுக்கள் இயங்கத் தொடங்கும் பகுதிக்கு ஒத்த இரட்டைப் படியிழையை ஆக்கவல்ல டி.என்.ஏ. துண்டை, நோயுற்ற உழுந்துச் செடிகளுள் நுண்துகள் வழியே எய்தனர். செடிகள் நோயினின்று தேறின! செடியின் படைக்கலத்தையே செடிக்குக் கூர்தீட்டித் தந்தனர் எனலாம். அந்நச்சுயிரி இந்த ஊமையாக்கத்தையே தடுக்கும் புரதம் ஒன்றைக் கொண்டிருப்பதையும் இக்குழுவினர் 2005இல் காட்டினர். பகைவனிடமும் கேடயம் உண்டு.

ஆயினும் ஆய்வகத்தில் தேறிய செடி வேறு, உழவன் கைக்கு வரும் விதை வேறு. இந்தியாவில் அயல் மரபணு ஏற்று வணிகமுறையில் விளைவது 2002 முதல் பருத்தி ஒன்றே, உழுந்து அன்று. உழுந்து உழவருக்கு இன்று கைகொடுப்பவை புதுக்கோட்டை மாவட்டத்து வம்பன் ஆராய்ச்சி நிலையம் இனக்கலப்பு முறையில் உருவாக்கிய, தேமலைத் தாங்கும் வகைகளே. நாளை ஒருவன் புதுவிதை கொணர்ந்து, “இது நோயை வெல்லும்” எனப் பறைசாற்றினால், தமிழ் உழவன் கேட்கவேண்டியவை மூன்று: எத்தனை தலைமுறை வளர்த்துப் பார்த்தாய்? எத்தனை மண்ணில், எத்தனை பருவத்தில்? மரபணு அப்போதும் பேசிற்றா, ஊமையாயிற்றா?

இக்கேள்விகளைக் கேட்க அவனுக்கு அறிவு வேண்டும். அவ்வறிவு அவன் மொழியில் வேண்டும். மதுரையில் நிகழ்ந்த ஆய்வு ஆங்கில ஏட்டில் அடைபட்டுக் கிடக்க, தேனியிலும் தஞ்சையிலும் உழுந்து விதைப்பவன் அறியாதிருப்பது முறையா? மரபணு, படியிழை, ஊமையாக்கம், நொதி எனச் சொற்கள் தமிழில் உள்ளன. வேண்டுமாயின் மேலும் ஆக்கிக்கொள்ளலாம். இங்குள்ள ஆசிரியர்கள் இதனை வகுப்பறையில் தமிழில் கற்பியுங்கள். தொழிலாளத் தோழர்கள் ஊருக்குச் செல்லுங்கால் உழவரிடம் எடுத்துரையுங்கள். விதையைப் பற்றிய அறிவு விதைப்பவனுக்கு உரியது.