உள்ளே வாழப்போகிறவரைக் கேட்டு வரையுங்கள்

இன்று பட்டம் பெறும் தம்பி தங்கைகளே, பிறந்த மாத்தளை மாவட்டத்துக்கு என்னை அழைத்த உங்கள் அன்புக்கு நன்றி.

நான் கட்டடக் கலைஞன். வீடுகளும் வைத்தியசாலைகளும் வரைவது என் தொழில். ஆனால் நான் ஆசானாக வரித்துக்கொண்டவர், விண்கலத்துக்குள் மனிதர் வாழும் இடத்தை வரைந்த கலினா பலஷோவா. நேரில் பார்த்ததில்லை.

1931இல் ரஷ்யாவின் கொலோம்னாவில் பிறந்து, மொஸ்கோவில் கட்டடக்கலை படித்தவர். சோவியத் ரொக்கெட் வடிவமைப்பாளர் கொரொலியோவின் விண்வெளிப் பணியகத்தில் அவர் சேர்ந்தது தரையில் கட்டடம் வரையத்தான். 1963இல் சோயுஸ் விண்கலத்தின் உட்புறத்துக்கு ஒரு வரைபடம் தேவைப்பட்டது. பொறியியலாளர்கள் கருவிகளுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். மனிதர் வாழும் இடமாக அது இல்லை. வார விடுமுறையில் வீட்டிலிருந்தே பலஷோவா வரைந்து கொடுத்தார். சாய்ந்துகொள்ள ஓர் இருக்கை, பொருள் வைக்க ஓர் அலுமாரி. எடையற்ற வெளியில் மேலும் கீழும் தெரியாது. ஆகவே தரைக்கு அடர்ந்த நிறம், கூரைக்கு வெளிர் நிறம். சுவரில் மாட்ட, தம் கையாலேயே ஊர்க் காட்சிகளை நீர்வண்ணத்தில் தீட்டித் தந்தார். கலம் திரும்புகையில் அந்த ஓவியங்கள் தொங்கும் பகுதி வளிமண்டலத்தில் எரிந்துவிடும். தெரிந்தும் மீண்டும் மீண்டும் தீட்டினார். பின்னர் மிர் விண்வெளி நிலையத்தின் உட்புறமும் அவர் கைவண்ணமே.

சோயுஸில் மனிதர் புழங்கும் இடம் ஏறத்தாழ 10 கன மீற்றர்தான். மூவருக்கு அவ்வளவே. மொரட்டுவையில் படித்த காலத்தில் இதை வாசித்தபோது எனக்கு நினைவு வந்தது ரத்தோட்டைப் பக்கம் நாங்கள் வாழ்ந்த தோட்ட லயத்துக் காம்பரா. பத்தடிக்குப் பன்னிரண்டடி. சமையல் இஸ்தோப்பில், படிப்பு, படுக்கை, பாட்டியின் நோய் எல்லாம் உள்ளே. இடம் சிறியது என்பது மட்டுமல்ல என் வேதனை. அதை வரைந்தவர் அங்கே வாழப்போகிறவரை ஒரு கணமும் நினைக்கவில்லை. இடம் குறுகக் குறுக அக்கறை கூடவேண்டும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அத்தகைய லயங்களுக்குப் பதிலாக இன்று இந்திய உதவியில் மலையகத்தில் 550 சதுர அடி வீடுகள் எழுகின்றன. நல்ல மாற்றம். அடுத்த வீட்டுத் திட்டத்தை வரையும் கை உங்களுடையதாக இருக்கட்டும்.

விண்வெளி நமக்கு எட்டாத் துறை என்றும் எண்ணாதீர்கள். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவகத்தில் படித்த சுஸ்மிதா மொகந்தி விண்கல வடிவமைப்பாளராகப் பெயர் பெற்றிருக்கிறார். இந்தியா மூவரை அனுப்பும் ககன்யான் திட்டத்தில் உழைக்கிறது. உங்களில் ஒருவர் அந்தப் பக்கம் போனால் மாத்தளையே மகிழும்.

எங்கே போனாலும், கோடு போடுமுன் அங்கே வாழப்போகிற அம்மாவிடம் போய் உட்காருங்கள். அடுப்பு எங்கே வேண்டும், பிள்ளை எங்கே படிப்பான், முதியவர் இரவில் எப்படி எழுந்து நடப்பார் என்று கேளுங்கள். பிறகு பென்சிலை எடுங்கள். உங்கள் பட்டத்துக்கு அதுவே பெருமை.