சும்மா சுற்றும் போல்ட்

நெசவாளர்கள் வாழும் நம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்தோடு பைக் சத்தமும் கேட்கிற நேரம் இது. அந்த பைக்கில் ஒரு போல்ட் துருப்பிடித்து இறுகிவிட்டால் என்ன செய்கிறோம்? முழு பலத்தையும் காட்டுகிறோம். போல்ட்டின் தலை முறிகிறது. மீதி உள்ளேயே நின்றுவிடுகிறது.

பலம் வேண்டாம், பொறுமை வேண்டும். பாவில் இழை சிக்கினால் நெசவாளர் வெடுக்கென்று இழுப்பாரா? விரலால் நீவி நீவித்தானே விடுவிப்பார்! போல்ட்டும் அப்படித்தான். துருவை இளக்கும் எண்ணெய் விட்டு, ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். காலையில் தலையில் லேசாகச் சுத்தியலால் தட்டுங்கள். சரியான அளவு ரிங் ஸ்பேனரை மாட்டி, முதலில் இம்மியளவு இறுக்குங்கள். பிறகு தளர்த்துங்கள். நெருப்பு மட்டும் காட்டாதீர்கள். மேலே பெட்ரோல் டேங்க் இருக்கிறது.

சில போல்ட்டுகள் சும்மா சுற்றும், வெளியே வராது. பின்னால் நட் இருந்தால், அதுவும் கூடவே சுற்றுகிறதா பாருங்கள். சுற்றினால் இன்னொரு ஸ்பேனரால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். நட் இல்லையென்றால் மரை தேய்ந்திருக்கும். தலைக்கு அடியில் தட்டைத் திருப்புளியைக் கொடுத்து, வெளிப்பக்கமாக நெம்பிக்கொண்டே சுற்றுங்கள். மிச்சமுள்ள மரை பிடித்து, போல்ட் மேலே ஏறி வரும்.

போல்ட்டைத் திரும்ப மாட்டும்போதும் பலம் காட்டாதீர்கள். நம் ஒரகடத்தில் 2013 முதல் ராயல் என்ஃபீல்டு பைக்குகள் தயாராகின்றன. தொழிற்சாலையில் போல்ட்டை இறுக்கவும் ஓர் அளவு உண்டு. வீட்டிலும் அளவோடு இறுக்குங்கள். பிரேக் போல்ட்டை மட்டும் மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.